பைண்டிங்குக்குப் போன புத்தகங்கள்

நான் வேலை பார்க்கும் பள்ளியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இன்னும் அங்கேதான் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். ஓய்வுக்கு நான்கு வருடம் பாக்கி இருக்கிறது. கடலூர் முதுநகரில், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் உள்ள ஒரு தனியார் பள்ளி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சொல்ல வந்தது பள்ளியைப் பற்றி அல்ல. அங்கே ஒன்பது வருடம் நூலகராக இருந்த இளவரசியைப் பற்றி.

இளவரசி குடிகாட்டுக்காரர். அப்பா ஆண்டி, தொழிற்பேட்டையில் மூட்டை ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளி. புத்தகப் பைத்தியமாக வளர்ந்து நூலகர் ஆனவர் இல்லை அவர். அதை அவரே சொல்லியிருக்கிறார். பி.ஏ. வரலாறு முடித்தபோது பி.எட். இடம் கிடைக்கவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்றிருந்த யாரோ ஒருவர், நூலக அறிவியல் படித்தவர்கள் மாவட்டத்திலேயே கொஞ்சம் பேர்தான், படித்தால் வேலை நிச்சயம் என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி சிதம்பரத்தில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இரண்டு வருடம் காலை பாசஞ்சர் வண்டியில் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று நின்று போய் வந்தார்.

அங்கே அவருக்குப் பிடித்துப்போனது கதைப் புத்தகம் அல்ல, எண்கள். உலகத்தில் உள்ள எந்த விஷயத்துக்கும் ஓர் எண் உண்டு, எந்தப் புத்தகத்துக்கும் அலமாரியில் ஓர் இடம் உண்டு என்பது அவரை அப்படியே பிடித்துக்கொண்டது. ஐந்நூறு என்றால் அறிவியல், தொள்ளாயிரம் என்றால் வரலாறு. யார் எந்த ஊரிலிருந்து வந்து கேட்டாலும் அதே எண்ணில் அதே பொருள் இருக்கும். சாதாரணமாக அதிகம் பேசாதவர், இதைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் என்னிடம் முக்கால் மணி நேரம் பேசினார். கணக்கு வாத்தியாருக்கு எண்களைப் பற்றி இன்னொருவர் இவ்வளவு சந்தோஷமாகப் பேசிக் கேட்பது புதிதாக இருந்தது.

படிப்பு முடிந்து ஏழு வருடம் வேலை கிடைக்கவில்லை. அரசுப் பள்ளிகளில் நூலகர் பணிக்கு அறிவிப்பு வரும் வரும் என்று பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தார். இடையில் கல்யாணம் ஆனது. கணவர் ராஜவேல் அதே தொழிற்பேட்டையில் எலக்ட்ரீஷியன். ஒரு மகன் பிறந்தான். 2011 ஜூனில் எங்கள் பள்ளிக்கு நூலகர் தேவை என்று நோட்டீஸ் பலகையில் பார்த்துவிட்டு வந்தார்.

தாளாளர் தட்சிணாமூர்த்தி அவரிடம் கேட்டது இரண்டே கேள்வி. டிகிரி அசல் இருக்கிறதா? பிள்ளைகளோடு ஸ்கூல் பஸ்ஸில் போய் வர முடியுமா? புத்தகத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளிக்கு அங்கீகாரம் கொடுக்கும் வாரியத்தின் விதியில், படித்த நூலகர் ஒருவர் இருக்க வேண்டும் என்று இருந்தது. அதற்காகத்தான் அந்த வேலை.

முதல் மாடியில் கடைசி அறை நூலகம். பதினோரு கண்ணாடி பீரோ. எல்லாம் பூட்டியிருக்கும், சாவி ஆபீசில் இருக்கும். உள்ளே மூவாயிரத்துச் சொச்சம் புத்தகங்கள், சென்னையில் ஒரு வியாபாரியிடம் மொத்தமாக வாங்கியவை. நுழைவுத் தேர்வு கைடு, பழைய கலைக்களஞ்சியம், எவரோ ஒருவரின் வாழ்க்கை வரலாறு பதினான்கு பிரதி, நடுநடுவே நல்ல புத்தகங்களும். வாசிக்கப் போட்ட நீள மேஜையில் விடைத்தாள் கட்டுகளும் கேரம் போர்டும் கிடந்தன. மதியம் நாங்கள் அதில்தான் டிபன் பாக்ஸைத் திறப்போம்.

இளவரசி காலை ஏழே காலுக்கு பஸ் டியூட்டி. பிறகு லீவு போட்ட டீச்சரின் வகுப்பு. பிறகு நோட்டுப் புத்தகம் விற்பது, ஐ.டி. கார்டு ஒட்டுவது, ஆண்டு விழாவுக்குப் பூ கட்டுவது. இவை எல்லாம் போக மீதி இருந்த நேரத்தில், ஒன்றரை வருடத்தில், அந்த மூவாயிரத்துச் சொச்சம் புத்தகங்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, எண் கொடுத்து, சின்னச் சீட்டில் கருப்பு மையால் எழுதி முதுகில் ஒட்டி முடித்தார். யாரும் செய்யச் சொல்லவில்லை. முடித்த அன்று யாரிடமும் சொல்லவும் இல்லை. எதேச்சையாக பீரோவைப் பார்த்த நான்தான் கவனித்தேன். புத்தகங்கள் உயரவாரியாக இல்லாமல் வேறு ஒரு ஒழுங்கில் நின்றன.

அடுத்து அவருக்கு வேண்டியிருந்தது பிள்ளைகள். கால அட்டவணையில் வாரம் ஒரு பீரியட் ‘நூலகம்’ என்று அச்சிட்டிருக்கும். அதைக் கணக்கோ அறிவியலோ எடுத்துக்கொள்ளும். அது எல்லாப் பள்ளியிலும் நடப்பதுதான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். 2016இல் நான் ஆறாம் வகுப்பு ‘பி’க்கு வகுப்பாசிரியர். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நூலகம், அதை நான்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். இளவரசி வந்து கேட்டார்.

“அரசு சார், அந்த ஒரு பீரியட மட்டும் எங்கிட்ட குடுத்துடுங்க. நீங்களும் நாலு மணி பஸ்ஸ புடிக்கலாம்.”

என் முழுப்பெயர் திருநாவுக்கரசு. பள்ளியில் அரசு சார். நான் அந்தப் பீரியடை விட்டுக்கொடுத்தது நூலகத்தின் மேல் வந்த மதிப்பால் அல்ல, நாலு மணி பஸ்ஸுக்காகத்தான்.

அப்படி ஒரே ஒரு வகுப்புக்கு நூலகம் திறந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகள் வரிசையாக மாடிக்குப் போவார்கள். ஆளுக்கொரு புத்தகம் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது என்பது தாளாளர் உத்தரவு. இளவரசி கொடுத்தார். ஒரு வருடத்தில் தொலைந்தது நான்கு. அவற்றின் பெயரைப் பதிவேட்டில் சேதம் என்று எழுதிவிட்டார்.

அந்த வகுப்பில் அனுப்பிரியா என்று ஒரு பெண். அம்மா செல்லாயி, துறைமுகத்தில் ஏலத்துக்கு வரும் மீனைத் தரம் பிரிக்கும் வேலை. அப்பா இல்லை. கணக்கில் சுமார்தான். ஆனால் மூன்றாவது வாரமே இளவரசியிடம் போய், மீன் புத்தகம் ஏன் இரண்டு பீரோவில் தனித்தனியாக இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கலாமே என்று கேட்டிருக்கிறாள். ஐந்நூற்றுச் சொச்சத்தில் இருப்பது கடலில் உயிரோடு இருக்கிற மீனைப் பற்றியது, அறுநூற்றுச் சொச்சத்தில் இருப்பது மீன் பிடிப்பதைப் பற்றியது என்று இவர் சொல்ல, அவள் யோசித்துவிட்டு, “அப்ப எங்கம்மா அறுநூறா மிஸ்?” என்றாளாம். இளவரசி இதை ஸ்டாஃப் ரூமில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். இத்தனை வருடத்தில் ஒரு பிள்ளை அந்த எண்களைப் பார்த்துக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை என்றார்.

2017இல் தாளாளர் சிதம்பரம் பைபாஸில் இரண்டாவது பள்ளி கட்டி முடித்தார். நவம்பரில் அதற்கு ஆய்வுக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. புதிய பள்ளியில் நூலகம் என்று ஓர் அறை இருந்தது, பீரோக்கள் இருந்தன, புத்தகம் ஒன்று கூட இல்லை.

எங்கள் புத்தகங்களை ஒரு வாரத்துக்கு அனுப்பச் சொன்னார். ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும் இருந்த எங்கள் பள்ளி முத்திரையை மறைத்து இளவரசி புதுப் பள்ளியின் பெயர் அச்சிட்ட லேபிள் ஒட்ட வேண்டும், புதிதாக ஒரு பதிவேடு எழுத வேண்டும். மூவாயிரத்துச் சொச்சம் லேபிள். நாங்கள் நாலைந்து பேர் உதவினோம். மூன்று ஸ்கூல் பஸ்ஸில் அட்டைப்பெட்டிகளை ஏற்றினோம். என்னையும் அறிவியல் டீச்சரையும் கூட அனுப்பினார்கள், ஆய்வகத்தை அடுக்குவதற்கு.

போகும் வழியில்தான் இளவரசி என்னிடம் சொன்னார். புதுப் பள்ளிக்கு நூலகர் என்று விண்ணப்பத்தில் எழுதியிருப்பது ரேகா என்ற பெயர். தாளாளரின் மைத்துனர் மனைவி. சென்னையில் இருக்கிறார், நூலக அறிவியல் சான்றிதழ் இருக்கிறது, வர மாட்டார். குழு கேட்டால் இளவரசி தன்னை ரேகா என்று சொல்ல வேண்டும். அவர் இதைச் சொன்னபோது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஒருநாள்தானே என்று சொல்லியிருப்பேன்.

குழுவில் இரண்டு பேர். ஒருவர் கட்டடத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பார்க்கப் போய்விட்டார். இன்னொருவர் வயதான அம்மா, கோவைப் பக்கம் ஏதோ பள்ளியில் முதல்வராக இருந்தவர். நூலகத்துக்குள் வந்ததும் நேராக அலமாரிக்குப் போய் ஒரு புத்தகத்தை உருவி முதுகைப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். இந்த எண்களை யார் கொடுத்தது என்று கேட்டார். இளவரசி, நான்தான் என்றார். பள்ளிகளில் இப்படிப் பார்த்ததே இல்லை, பெரும்பாலும் வரிசை எண் போட்டு வைத்திருப்பார்கள் என்றார் அந்த அம்மா.

அதற்குப் பிறகு இருபது நிமிடம் அவர்கள் இருவரும்தான் பேசினார்கள். ஒரே புத்தகம் இரண்டு பொருளைப் பற்றியிருந்தால் எங்கே வைப்பீர்கள், தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் புத்தகத்தையும் கலந்து வைப்பதா பிரித்து வைப்பதா, சின்னப் பிள்ளைகளுக்கு எட்டுகிற தட்டில் எது இருக்க வேண்டும். இளவரசி ஒவ்வொன்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். நான் ஆய்வக ஃபைலைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் முகம் அப்படி இருந்து நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. படித்து முடித்துப் பதின்மூன்று வருடம் கழித்து, விஷயம் தெரிந்த ஒருவர் அவர் வேலையைப் பார்த்து, இது வேலை என்று சொன்னார்.

கடைசியில் அந்த அம்மா பேனாவைத் திறந்து, உங்களைப் பற்றி அறிக்கையில் தனியாக எழுதப் போகிறேன், பெயர் என்ன என்று கேட்டார்.

தாளாளர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

“ரேகா, மேடம்” என்றார் இளவரசி.

அந்த அம்மா எழுதிக்கொண்டார். போகும்போது கையைப் பிடித்து வாழ்த்திவிட்டுப் போனார். திரும்பி வரும்போது பஸ்ஸில் தாளாளர் எல்லாருக்கும் மாம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்தார். இரண்டு பள்ளிக்கும் மூன்று மாதத்தில் புதுப் புத்தகம் வாங்கிப் போடுவதாகச் சொன்னார். இளவரசி ஜூஸ் டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

புத்தகங்கள் ஒரு வாரத்தில் வரவில்லை. குழு மறுபடி வந்தாலும் வரும் என்றார்கள். பிறகு பஸ் இல்லை என்றார்கள். பிறகு சிதம்பரத்தில் அந்த அறையை எல்.கே.ஜி. வகுப்பாக்கியதால் புத்தகங்களைப் பெட்டியில் போட்டு ஜெனரேட்டர் ஷெட்டில் வைத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. இளவரசி மூன்று முறை தாளாளரிடம் போனார். மூன்றாவது முறை, “உனக்கு சம்பளம் வருதுல்லம்மா?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்.

கடலூரில் பீரோக்கள் காலியாக நின்றன. வெளியாட்களுக்குத் தெரியக் கூடாது என்று கண்ணாடிக்கு உள்பக்கம் சார்ட் பேப்பர் ஒட்டச் சொன்னார்கள். பிள்ளைகள் கேட்டபோது என்ன சொல்வது என்று இளவரசிக்குத் தெரியவில்லை. புத்தகமெல்லாம் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கடைசி பீரியடை நான் திரும்ப எடுத்துக்கொண்டேன். சிலபஸ் பாக்கி இருந்தது.

மற்ற பிள்ளைகள் இரண்டு வாரத்தில் மறந்துபோனார்கள். அனுப்பிரியா மறக்கவில்லை. வராந்தாவில் பார்க்கும்போதெல்லாம் கேட்பாள், பைண்டிங் ஆகிவிட்டதா மிஸ் என்று. அந்தப் பெண்ணைக் கண்டால் இளவரசி வேறு வழியாகப் போக ஆரம்பித்தார். மாடிப்படியில் பாதி ஏறியவர், மேலே அவள் வருவதைப் பார்த்துத் திரும்பி இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன்.

2018 செப்டம்பரில் எங்கள் பள்ளியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஆய்வு வந்தது. முந்தின நாள் மதியம் பெட்டிகள் திரும்பி வந்தன. பத்து மாதம். ஷெட்டில் மழை ஒழுகியிருக்கிறது. அடியில் இருந்த பெட்டிகளில் புத்தகங்கள் ஊதிப்போய், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, கறுப்புப் பூசணம் பூத்திருந்தன. இளவரசி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். எண் எழுதிய சீட்டுகள் பெட்டிக்கு அடியில் உதிர்ந்து கிடந்தன. அழவில்லை. நல்லதை முன்வரிசையிலும் கெட்டதைப் பின்வரிசையிலும் அடுக்கினார். சிதம்பரம் லேபிளை எல்லாவற்றிலும் கிழிக்க நேரம் இல்லை. மேஜைக்கு வரப்போகும் புத்தகங்களில் மட்டும் கிழித்தார், அதிலும் சிலது விட்டுப்போயிற்று.

ஆய்வு நேரத்தில் நூலகத்தில் உட்கார்ந்து படிக்கப் பன்னிரண்டு பிள்ளைகளை அனுப்பச் சொன்னார்கள். ஏழாம் வகுப்பைப் போலவே எட்டாம் வகுப்பிலும் அந்தப் பிள்ளைகளுக்கு நான்தான் வகுப்பாசிரியர். நான் கொடுத்த பட்டியலில் அனுப்பிரியா இல்லை. கேட்டால் புத்தகத்தைப் பற்றிப் பேசத் தெரிந்த பிள்ளை ஒன்றாவது வேண்டும் என்று இளவரசிதான் அவள் பெயரைச் சேர்த்தார்.

வந்த அதிகாரி நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். மேஜையைச் சுற்றி வந்து, அனுப்பிரியா பக்கத்தில் நின்று, எத்தனை நாளுக்கு ஒரு முறை புத்தகம் எடுப்பாய் என்று கேட்டார். அவள் எழுந்து நின்றாள்.

“ஆறாவது ஏழாவதுல வாராவாரம் எடுத்தேன் சார். அப்புறம் புக்கெல்லாம் பைண்டிங்குக்குப் போயிடுச்சு. நேத்துதான் வந்துச்சு.”

அதிகாரி சிரித்துக்கொண்டே, பைண்டிங் நன்றாகச் செய்திருக்கிறார்களா என்று கேட்டார்.

“இல்ல சார். நனைச்சுட்டாங்க. வேற ஸ்கூல் பேரும் ஒட்டிட்டாங்க” என்று தன் கையிலிருந்த புத்தகத்தைத் திறந்து காட்டினாள்.

அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. இளவரசி சொன்னதை நம்பி, அந்த பைண்டிங்காரன் மேல் புகார் சொன்னாள், அவ்வளவுதான்.

அதிகாரி இளவரசியைப் பார்த்தார். தாளாளரும் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன்.

இளவரசி சொன்னார்: “இந்தப் பொண்ணு சரியா ஸ்கூலுக்கு வராது சார். ஏதாச்சும் சொல்லிக்கினு இருக்கும்.”

அனுப்பிரியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இளவரசி “உக்காரு” என்றார். உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் தலையைத் தூக்கவில்லை.

இதில் எனக்கு இன்னும் ஆறாதது ஒன்று உண்டு. அதிகாரிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் லேபிளை ஒருமுறை பார்த்தார், பின்வரிசையை ஒருமுறை பார்த்தார், பிறகு சாப்பாடு எத்தனை மணிக்கு என்று கேட்டார். அறிக்கையில் நூலகம் திருப்திகரம் என்று எழுதினார். அந்தப் பெண் சொன்னதால் பள்ளிக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. இளவரசி வாயை மூடிக்கொண்டு சும்மா நின்றிருந்தாலும் வந்திருக்காது.

ஆனால் தாளாளர் விடவில்லை. பள்ளி மானத்தை வாங்கிய பிள்ளை இங்கே இருக்கக் கூடாது என்றார். டி.சி. கொடுக்கக் காரணம் வேண்டும். நனைந்துபோன புத்தகங்களுக்கும் ஒரு கணக்கு காட்ட வேண்டியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஆபீசில் ஒரு கடிதம் தயாரானது. மேற்படி மாணவி நூலகப் புத்தகங்களை வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றிச் சேதப்படுத்தினாள். கீழே நூலகர் கையெழுத்து, வகுப்பாசிரியர் கையெழுத்து.

இளவரசியைக் கூப்பிட்டார்கள். அவர் மகன் அப்போது எங்கள் பள்ளியிலேயே நான்காம் வகுப்பு, ஊழியர் பிள்ளை என்று பாதிக் கட்டணம். அதைத் தாளாளர் நினைவுபடுத்தினாரா என்று எனக்குத் தெரியாது. அவசியம் இருந்திருக்காது. அவர் வெளியே வந்த பிறகு நான் உள்ளே போனேன். கடிதத்தில் அவர் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது, தெளிவாக, இளவரசி என்று. அதன் கீழே நான் போட்டேன்.

இரண்டு நாள் கழித்து செல்லாயி வந்தார். டி.சி.யை வாங்கிக்கொண்டு, ஆபீசில் யாரிடமும் சண்டை போடாமல், லைப்ரரி மிஸ் எங்கே என்று விசாரித்து மாடிக்கு ஏறி வந்தார். நான் விடைத்தாள் எடுக்க அங்கே போயிருந்தேன். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். சேலை ஓரம் ஈரமாக இருந்தது. உள்ளே வராமல் கதவருகிலேயே நின்றார்.

“எம்பொண்ணு புக்குல தண்ணி ஊத்துச்சாம்மா?”

இளவரசி எழுந்து நின்றார். பிறகு, “இல்லக்கா” என்றார்.

“அப்ப ஏன் அப்டி எழுதுனீங்க?”

“எழுதலன்னா என்னைய அனுப்பிடுவாங்கக்கா.”

செல்லாயி அவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபமாகத் தெரியவில்லை. ரொம்பக் களைத்திருந்தார்.

“ஒங்கள பத்திதான் வூட்ல எப்பவும் பேசும். மிஸ்ஸு மிஸ்ஸுன்னு. இப்ப அதுகிட்ட நான் போயி இன்னா சொல்றது? மிஸ்ஸு பொய் சொன்னாங்கன்னு சொல்றதா, இல்ல நீதான் தண்ணி ஊத்துனன்னு சொல்றதா? நீங்களே சொல்லுங்க, சொல்லிடுறேன்.”

செல்லாயி கொஞ்ச நேரம் காத்திருந்தார். நிஜமாகவே பதிலுக்குத்தான் காத்திருந்தார். பிறகு டி.சி.யை இடுப்பில் செருகிக்கொண்டு படி இறங்கிப் போனார். நான் விடைத்தாள் கட்டைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டே இருந்தேன்.

அந்தப் பெண் அரசுப் பள்ளியில் சேர்ந்தாள் என்று கேள்வி. அதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயற்சி செய்யவும் இல்லை.

இளவரசி வேலையை விடவில்லை. விடுவார் என்று நான் நினைத்தேன். கதையில் என்றால் விட்டிருப்பார். மறுநாளும் ஏழே காலுக்கு பஸ் டியூட்டிக்கு வந்தார். ஆனால் நூலகச் சாவியை ஆபீசிலேயே விட்டுவிட்டார். உதிர்ந்த சீட்டுகளைத் திரும்ப ஒட்டவில்லை. யாரும் புத்தகம் கேட்கவும் இல்லை. எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினார். என்னிடம் வேலை விஷயமாக மட்டும் பேசினார். ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்ட இருவருக்கும் ஒருவரையொருவர் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

2020இல் கொரோனாவுக்காகப் பள்ளி மூடிய மூன்றாவது மாதம் ஆபீசிலிருந்து அவருக்கு போன் போயிற்று, இனிமேல் வர வேண்டாம் என்று. ஆசிரியர்களுக்குப் பாதிச் சம்பளமாவது வந்தது. பாடம் நடத்தாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வருடம் நூலக அறையில் பெரிய திரை மாட்டி ஸ்மார்ட் கிளாஸ் ஆக்கினார்கள். புத்தகங்களைப் பழைய பேப்பர்காரர் இரண்டு நடையில் ஏற்றிக்கொண்டு போனார். ஏற்றும்போது அங்கேதான் இருந்தேன். ஒன்றாவது எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது, எடுக்கவில்லை.

அப்புறம் நான் அவரைப் பார்த்தது போன வருடம், கடலூர் பஸ் ஸ்டாண்டில். முதலில் அவர் பார்க்காத மாதிரி நகர்ந்தார். பிறகு அவரே வந்து பேசினார். முடி நரைத்திருந்தது. ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். மகன் பதினொன்றாம் வகுப்பு. இன்னொரு வேலையும் இருக்கிறது சார் என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மங்கலம்பேட்டைப் பக்கம் புதிதாக வந்த ஒரு பள்ளி. நூலகர் வேலைக்கு என்று போயிருக்கிறார். அங்கே இருந்தவர், தினமும் வர வேண்டியதில்லை, சான்றிதழ் நகலைக் கொடுத்துவிட்டுப் போங்கள், மாதாமாதம் ஒரு தொகை வரும், ஆய்வு வருகிற அன்று மட்டும் வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னபோது ராஜவேல், யார் வீட்டில் சும்மா கொடுக்கிறார்கள், கொடுத்துவிட்டு வா என்றாராம். கொடுத்துவிட்டார்.

“என் பேர்லதான் சார் இருக்குது. அது வரைக்கும் பரவால்ல” என்றார்.

நான் பார்த்த அன்று அந்த ஆய்வுக்குத்தான் போய்விட்டு வந்திருந்தார். பீரோ எல்லாம் புதிது, புத்தகமும் புதிது, உறை கூடப் பிரிக்கவில்லை, எங்கிருந்து வந்தவை என்று தானும் கேட்கவில்லை என்றார். அதிகாரி எத்தனை புத்தகம் என்று கேட்டபோது வாயில் வந்த ஒரு எண்ணைச் சொன்னாராம். அவரும் எழுதிக்கொண்டாராம்.

எல்லாம் முடிந்து கிளம்பும்போது, வரிசையில் உட்கார வைத்திருந்த பிள்ளைகளில் மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, தன் முன்னால் இருந்த யானைப் புத்தகத்தைக் காட்டி, பாதிதான் பார்த்திருக்கேன், நாளைக்கு வந்து மீதியைப் பார்க்கட்டுமா, நீங்க இருப்பீங்களா மிஸ் என்று கேட்டிருக்கிறாள்.

“என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“வாம்மான்னு சொன்னேன். சொல்லிட்டு மூணரை பஸ்ஸுல வந்துட்டேன்” என்றார்.

குடிகாட்டுக்குப் போகிற டவுன் பஸ் வந்தது. ஏறிக்கொண்டார். உட்கார இடம் இல்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் கிளம்பும் வரை நான் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.